பாப்பா எத்தனை கிலோ, சார்?

மெடிக்கல் ஷாப் வாசலில் நின்று திருதிருவென்று முழித்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. அதுவும் ராத்திரி எட்டு மணிக்கு, எனக்குப் பின்னால் அரை டஜன் பேர் மருந்துச் சீட்டோடு நிற்கும்போது!

"டயப்பர் ஒரு பாக்கெட் குடுங்க" என்றேன், ஏதோ பத்து வருஷமாய் வாங்கிப் பழகியவன் போல.

"என்ன சைஸ் சார்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சட்டைக்கு சைஸ் உண்டு, செருப்புக்கு உண்டு. கோவணத்துக்குமா சைஸ்?

"குழந்தைக்குத்தான்..." என்று இழுத்தேன்.

"அது தெரியுது சார். பாப்பா எத்தனை கிலோ?"

"மூணு மாசம்."

"மாசம் கேக்கலை சார். கிலோ!"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குக் காது சிவந்துவிட்டது. என் பைக் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று கேளுங்கள், தசம புள்ளியோடு சொல்வேன். சமையல் காஸ் சிலிண்டரில் காஸ் எவ்வளவு? 14.2 கிலோ. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மூன்று மாதமாய் தினமும் தோளில் போட்டுத் தூங்க வைக்கிற என் மகள் எத்தனை கிலோ என்று மட்டும் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் வீட்டுக்கு போன் போட்டேன்.

"ஏங்க, போன வாரம் ஊசி போட்டப்பதானே எடை பார்த்தாங்க? நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க?"

நின்றேன்தான். செல்போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அஞ்சே முக்கால் கிலோ. அட்டையிலயே எழுதியிருக்காங்க. வரும்போது கறிவேப்பிலையும் வாங்கிட்டு வாங்க" என்று போனை வைத்துவிட்டாள். கடைக்காரர் ஒரு 'எஸ்' பாக்கெட்டை என் கையில் திணித்து, அடுத்தவரைப் பார்த்து "சொல்லுங்க சார்" என்றார். இப்படித்தான் அடியேனின் டயப்பர் படிப்பு தொடங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அந்த பாக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பி வாசித்தேன். நம் ஊரில் விற்கிற பெரும்பாலான டயப்பர் பாக்கெட்டுகளில் ஏறக்குறைய ஒரே கணக்குத்தான். பிறந்த குழந்தைக்கான 'நியூ பார்ன்' 5 கிலோ வரை. 'ஸ்மால்' 4 முதல் 8 கிலோ. 'மீடியம்' 7 முதல் 12. 'லார்ஜ்' 9 முதல் 14. 'எக்ஸ்ட்ரா லார்ஜ்' 12 முதல் 17. கம்பெனிக்குக் கம்பெனி அரை கிலோ, ஒரு கிலோ முன்னே பின்னே இருக்கும்.

இதில் ஒன்று என்னைக் குழப்பியது. வருமான வரி ஸ்லாப் என்றால், ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது ஆரம்பிக்கும். இங்கே எட்டில் முடிய வேண்டிய ஸ்மால் இன்னும் முடியவில்லை. ஏழிலேயே மீடியம் ஆரம்பித்துவிடுகிறது! ஏழரை கிலோ குழந்தை எதைப் போட்டுக்கொள்ளும்? 'அச்சுப் பிழை' என்று முடிவு கட்டி பாக்கெட்டைத் தூக்கி அலமாரியில் வைத்தேன். அந்த ஒரு கிலோ இடைவெளியில்தான் எனக்கு ஒரு பாடம் காத்திருந்தது.

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் 'ஒரு பீஸ் என்ன விலை விழுகிறது?' என்று வகுத்துப் பார்ப்பான். மகளுக்கு ஐந்து மாதம் முடிந்த சமயம், ஒரு கடையில் 'இரண்டு பெரிய பாக்கெட் வாங்கினால் மூன்றாவது இலவசம்' என்று போர்டு. வகுத்தேன். பெருக்கினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது, ஆனந்தத்தில். மூன்று பாக்கெட், அத்தனையும் ஸ்மால், மொத்தம் இருநூற்றுச் சொச்சம். பைக்கின் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு கட்டிக்கொண்டு, படையெடுத்துத் திரும்பிய மன்னன் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

"இவ்வளவு எதுக்குங்க? பாப்பா வளர்றாளே!"

"வளரட்டுமே! எட்டு கிலோ வரைக்கும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். அவ இன்னும் ஏழுகூட ஆகலை. ஸ்டாக் தீர்ற வரைக்கும் கவலையே இல்லை."

பகலில் துணி, ராத்திரியும் வெளியே போகும்போதும் மட்டும் டயப்பர் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. ஆகவே இருநூறு என்பது நல்ல நீண்ட காலத் திட்டம். பரணில் அடுக்கினேன்.

ஆறு வாரம் போயிருக்கும். பாப்பா ராத்திரியில் அழ ஆரம்பித்தாள். சாதாரண அழுகை இல்லை. பசிக்கு அழுவது, தூக்கத்துக்கு அழுவது எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. இது வேறு மாதிரி. காலை உதறி உதறி, தூக்கினால் கொஞ்சம் நிறுத்தி, கீழே விட்டால் மறுபடி வீறிட்டு... மூன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை. எதிர்வீட்டு அம்மா 'கண்ணேறு' என்றார். உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டோம். மிளகாய் நெடி ஏறி எனக்குத்தான் இருமல் வந்தது. 'பல் முளைக்குது' என்றார் ஒருவர். 'ஓமத் தண்ணி குடுங்க' என்றார் இன்னொருவர். "டாக்டரைக் கேக்காம எதுவும் குடுக்கக் கூடாது" என்று மனைவி மட்டும் உறுதியாக நின்றாள்.

அழுகை போதாதென்று, விடிந்து பார்த்தால் படுக்கையும் ஈரம். 'எட்டு கிலோ வரைக்கும்னு போட்டு ஏமாத்தறான்' என்று கம்பெனிக்காரனைத் திட்டினேன்.

நாலாம் நாள் ஊரிலிருந்து அம்மா வந்தாள். வந்தவள் கை கால் கழுவிக்கொண்டு பேத்தியை மடியில் போட்டு, முதல் காரியமாக அவள் இடுப்பைத் தடவினாள். அரைஞாண் கயிறு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. முடிச்சை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினாள். அப்புறம் டயப்பரைக் கழற்றினாள். கழற்றியவள் அப்படியே பேசாமல் இருந்தாள்.

இரண்டு தொடை இடுக்கிலும் கயிறு போட்டுக் கட்டியதுபோல் சிவப்பாய் இரண்டு கோடு. ஒரு பக்கம் தோல் உரிந்திருந்தது. இடுப்பைச் சுற்றி எலாஸ்டிக்கின் மடிப்பு மடிப்பான தடம்.

"பகல்லயும் இந்தச் செவப்பு இருந்துச்சு அத்தை. ஏதோ வேர்க்குருன்னு நெனச்சு பவுடர் போட்டேன்" என்றாள் என் மனைவி. குரல் உடைந்துவிட்டது.

அம்மா அவளை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்: "அரைஞாண் கயிறு இறுகினா புள்ளை வளந்துடுச்சுன்னு தளத்திக் கட்டறோம். இதை யாருடா தளத்தறது?"

பதிலுக்கு என்ன சொல்ல முடியும்? 'ஸ்டாக் தீரட்டும்னு பார்த்தேம்மா' என்றா? அதுதான் உண்மை. பரணில் நூற்றுச் சொச்சம் இருந்தது. அது தீரட்டும் என்று நான் காத்திருந்தேன். பாப்பா காத்திருக்காமல் வளர்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே குழந்தை டாக்டரிடம் ஓடினோம். எடை பார்த்தார். 7 கிலோ 700 கிராம்.

"எட்டு ஆகலையே டாக்டர், பாக்கெட்டில்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் சிரித்தார். "நீங்க சட்டை வாங்கறப்ப எடையைச் சொல்லியா வாங்கறீங்க? உங்க எடையிலயே இன்னொருத்தர் உயரமா, ஒல்லியா இருப்பார். உங்க பேன்ட் அவருக்குச் சேருமா? பாக்கெட்டில போட்டிருக்கற கிலோ, எங்கே ஆரம்பிச்சுப் பார்க்கணும்னு சொல்ற அடையாளம். அவ்வளவுதான். முடிவு சொல்ல வேண்டியது தொடையும் இடுப்பும்."

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இரண்டு சைஸும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பது அச்சுப் பிழையில்லை. ஒல்லிக் குழந்தைக்கு ஏழரை கிலோவிலும் ஸ்மால் போதும். என் மகளைப் போல தொடையில் மூன்று மடிப்பு விழுந்த குண்டுப் பாப்பாவுக்கு ஏழிலேயே மீடியம் வேண்டும்.

வயதை வைத்து வாங்குவது இன்னும் மோசம். நல்ல ஆரோக்கியமான குழந்தை பிறந்த எடையைப் போல ஐந்தாவது மாத வாக்கில் இரண்டு மடங்காகும். ஒரு வயதில் மூன்று மடங்காகும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையைப் பார்த்தால், ஆறு மாதத்தில் ஆண் குழந்தையின் நடுத்தர எடை 7.9 கிலோ, பெண் குழந்தைக்கு 7.3. ஒரு வயதில் 9.6, 8.9. நடுத்தரம் என்றால் பாதிக் குழந்தைகள் அதற்கு மேலே, பாதி கீழே. அப்புறம் 'ஆறு மாசக் குழந்தைக்கு ஒண்ணு குடுங்க' என்று கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார், பாவம்!

இந்தக் கணக்கை உற்றுப் பாருங்கள். முதல் ஐந்து மாதத்தில் மூன்று கிலோ ஏறுகிறது. அடுத்த மூன்று கிலோவுக்கு ஏழு மாதம் ஆகிறது. ஆகவே நியூ பார்ன், ஸ்மால் இரண்டும் சீக்கிரம் காலாவதி ஆகிற சரக்கு. சின்ன பாக்கெட்டாய் வாங்குவதுதான் லாபம். வளர்ச்சியின் வேகம் குறைந்த பிறகு, மீடியம், லார்ஜில் வேண்டுமானால் உங்கள் 'இலவச' ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம். ஸ்டாக் பராமரிப்பு பற்றி மூன்று வருஷம் படித்து பரீட்சையும் எழுதியவன் நான். இது மட்டும் பாஸ் ஆன பிறகுதான் புரிந்தது!

தொடைப் புண் ஒரு வாரத்தில் ஆறியது. டாக்டர் கொடுத்த களிம்பு பாதி, டயப்பரே போடாமல் காற்றாட விட்டது பாதி. அம்மா அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, பட்டுப்போல் மெத்தென்ற துணிகளாக மடித்து வைத்துவிட்டாள்.

இந்த வேட்டித் துணியிலிருந்து டயப்பருக்கு வந்த கதையும் சுவாரசியமானது. அமெரிக்காவில் மேரியன் டோனோவன் என்ற தாய், ஈரம் வெளியே வராமல் இருக்க, குளியலறைத் திரையைக் கிழித்து, தைத்து, குழந்தைத் துணிக்கு மேலே போடும் உறை ஒன்று செய்தார். ஊக்குக்குப் பதில் அழுத்துப் பித்தான் வைத்தார். அதற்கு 1951-ல் காப்புரிமையும் கிடைத்தது. பிறகு விக்டர் மில்ஸ் என்ற இன்ஜினீயர் தாத்தா. பேரக் குழந்தைக்குத் துணி மாற்றி மாற்றி அலுத்துப்போய், தூக்கிப் போடுகிற டயப்பரில் இறங்கினார். அவருடைய கம்பெனி 1961-ல் 'பாம்பர்ஸ்' என்று அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போதெல்லாம் உள்ளே காகிதக் கூழ்தான். 1980-களில்தான் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற வெள்ளைப் பொடி உள்ளே புகுந்தது. தண்ணீர் பட்டால் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி உப்பிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பொடி உப்ப இடம் வேண்டும். சின்ன சைஸில் பொடியும் குறைவு, இடமும் குறைவு. பெரிய குழந்தைக்கு அதைப் போட்டால் படுக்கை நனையாமல் என்ன செய்யும்? கம்பெனிக்காரனைத் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

பட்டபின் புத்தி வரும் என்பார்கள். எனக்கு ரொம்பவே வந்துவிட்டது. மீடியம் வாங்கப் போனவன், ஒரு யோசனை தோன்றி லார்ஜ் வாங்கி வந்தேன். என்ன யோசனை? நம் எல்லோர் வீட்டிலும் உள்ள யோசனைதான். பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கும்போது டெய்லரிடம் 'வளர்ற பையன், ரெண்டு இஞ்ச் விட்டுத் தைங்க' என்பார்களே, அதே தத்துவம்!

விளைவு ஒரு கல்யாண வீட்டில் தெரிந்தது. பெரியப்பா பட்டு வேட்டி, அங்கவஸ்திரம் சகிதம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "எங்கே, என் பேத்தியைக் குடு" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கெட்டிமேளம் கொட்டியது. பாப்பாவும் அதே சுபமுகூர்த்தத்தில்... தொடைப் பக்கம் இருந்த இடைவெளி வழியாக பெரியப்பாவின் ஜரிகைக் கரை முழுக்க அபிஷேகம்! நான் பதறி ஓடினேன். "விடுடா, கல்யாண வீட்ல புள்ளை ஈரம் பட்டா நல்லதுதான்" என்றார் அவர். பெரிய மனசு. ஆனால் பந்திக்கு என் வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் வந்தார். நான் டிரைவரிடம் கடன் வாங்கிய லுங்கியோடு காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

யூனிபார்ம் தொளதொளவென்று இருந்தால் கேலியோடு போய்விடும். டயப்பர் தொளதொளத்தால் ஒழுகும். இறுக்கினால் புண்ணாகும். இன்றைய உடம்புக்கு இன்றைய சைஸ். நாளைக்கு என்று சேமிக்கிற கதை இதில் நடக்காது.

இத்தனை அனுபவத்துக்குப் பிறகு நான் கற்றதை, என்னைப் போல முழிக்கிற தம்பிகளுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

1. எடை தெரிந்துகொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையில் இருக்கும். நடுவில் பார்க்க வேண்டுமென்றால், வீட்டு எடை மெஷினில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள். கழித்தால் குழந்தையின் எடை. (மிச்சம் தெரிய வருகிற உங்கள் எடையைப் பற்றி மனைவியிடம் மூச்சு விடாதீர்கள்.)

2. போட்டு முடித்ததும் இடுப்பு எலாஸ்டிக்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரல் விட்டுப் பாருங்கள். விரல் சிரமமில்லாமல் போனால் சரி. போகவில்லையென்றால் இறுக்கம். கையே போனால் பெரிசு.

3. கழற்றும்போது தொடையைப் பாருங்கள். லேசான தடம் கொஞ்ச நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. ஆழமாய், சிவப்பாய், மறையாமல் நின்றால் அடுத்த சைஸுக்கு நேரம் வந்துவிட்டது, பரணில் எத்தனை இருந்தாலும்!

4. ஒட்டுகிற டேப் வகையில், இரண்டு டேப்பும் இழுத்துப் பிடித்து ஓரத்தில் ஒட்டினால் சின்னது. ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் பெரிசு. பின்பக்கம் முழுசாய் மூடாமல் பாதி வெளியே தெரிந்தாலும் சின்னதுதான்.

5. கால் ஓரத்தில் சுருக்கம் வைத்த ஒரு கரை இருக்கும். அது உள்பக்கம் மடிந்திருந்தால் எந்த சைஸானாலும் ஒழுகும். விரலால் சுற்றி வெளியே எடுத்துவிடுங்கள். பையனாக இருந்தால் 'குழாய்' கீழ்நோக்கி இருக்கட்டும். இல்லையென்றால் தண்ணீர் தொப்புள் வழியாக வரும்!

6. பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுகிற வரை, டயப்பரின் மேல் ஓரத்தைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிடுங்கள்.

7. சரியான சைஸ் என்பதற்காக விடிய விடிய ஒன்றையே விட்டுவைக்காதீர்கள். மூன்று, நான்கு மணிக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மலம் போனால் உடனே. இரண்டு மூன்று நாளில் சிவப்பு குறையாவிட்டாலோ, கொப்புளம் வந்தாலோ, பவுடர் போட்டுப் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள்.

இதில் எதுவும் பெரிய வித்தை இல்லை. என்னிடம் இல்லாமல் போனது ஒன்றுதான். கழற்றி, சுருட்டி, குப்பையில் போட்டு, கை கழுவிக்கொண்டு வந்துவிடுவேன். ஒரு நாளும் அந்தத் தொடையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்ததில்லை. அம்மா ஒரு நிமிஷத்தில் பார்த்ததை, பக்கத்திலேயே இருந்த நான் ஆறு வாரமாய்ப் பார்க்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் வீட்டில் எடை பார்க்கும் வைபவம் உண்டு. அட்டையை எடுத்துக்கொண்டு ஊசிக்குப் போவதும் நான்தான். செல்போன் பாக்கெட்டிலேயே இருக்கும்.

பரணில் மிஞ்சிய ஸ்மால் பாக்கெட்டை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கீழ் போர்ஷன் தம்பிக்குக் குழந்தை பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. கூப்பிட்டு நீட்டினேன்.

"தேங்க்ஸ்ண்ணா! எங்க பாப்பாவுக்குச் சரியா இருக்குமா?"

"பாப்பா எத்தனை கிலோ தம்பி?"

"ரெண்டு மாசம் முடிஞ்சிடுச்சுண்ணா!"

"மாசம் கேக்கலை. கிலோ."

அவன் திருதிருவென்று முழித்தான். மனைவிக்கு போன் போட பாக்கெட்டில் கையை விட்டான்.

"போனெல்லாம் வேண்டாம். மேலே மெஷின் இருக்கு. போய் உன் பொண்ணைத் தூக்கிட்டு வா" என்றேன்.